மாமியார் ஊரில் மூன்று வாரம்



பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நான் பேசியதை மலருக்கு எழுதித் தருமாறு தலைமையாசிரியர் கேட்டுக் கொண்டார். பேசியபடியே எழுதியிருக்கிறேன். ஆகவே நடையில் கொஞ்சம் லயத்து வாசனை அடிக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

நம் மாநிலத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ரெம்பாவிலும் கோலப்பிலாவிலும் ஜெலுபுவிலும் வாழும் மலாய்க்காரர்களிடையே 'அடாட் பெர்பாத்தே' என்ற வழக்கம் இருக்கிறது. கல்யாணம் ஆனால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்குப் போவான். அவனுக்கு 'ஓராங் செமெண்டா' என்று பெயர். பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். சிறு வயதில் இதைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். 1986-ஆம் ஆண்டு நானே மூன்று வாரம் ஓராங் செமெண்டாவாக இருந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

என் மனைவி திருச்சி மாவட்டம் முசிறிக்கு அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். 1979-இல் அங்கே கல்யாணம். மறு வருஷம் 'சிதம்பரம்' கப்பலில் மெட்ராஸில் ஏறி போர்ட் கிள்ளானில் இறங்கினாள். அதற்கு முன் 'ரஜுலா' என்ற கப்பல் ஓடியது. 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரை நம்மவர்களைச் சுமந்தது. உங்கள் தாத்தா பாட்டிமாரில் பலர் அதில் வந்தவர்களாக இருப்பார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்த காலம் அது. 1938-இல் இந்திய அரசாங்கம் அப்படிக் கூலிக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதன் பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. சாவுக்குப் போவார்கள், கோயில் திருவிழாவுக்குப் போவார்கள், பெண் கட்டப் போவார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். கப்பல் பயணம் அத்தோடு முடிந்தது. ஆகவே நாங்கள் போனது விமானத்தில்.

மூத்தவளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. இருவரும் பள்ளியில் சேராத வயதாகையால் மனைவியும் பிள்ளைகளும் ஏப்ரலிலேயே போய்விட்டார்கள். எனக்கு ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறைதான். மே மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். கத்திரி முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் வெயிலுக்கு அந்தச் செய்தி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது! நம் ரந்தாவிலும் சிலியாவிலும் காலையில் எவ்வளவு காய்ந்தாலும் சாயங்காலம் ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். அங்கே என் மகன் தினமும் நாலு மணிக்கு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பானாம். "தாத்தா, மழை எப்ப வரும்?" என்று கேட்டால், "ஐப்பசியில வரும் ராசா" என்பாராம் என் மாமனார். ஐப்பசி என்றால் இன்னும் ஐந்து மாதம்!

காவிரியைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியவன் நான். நேரில் பார்த்தபோது ஒரே மணல். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வரும்வரை ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். நம் லிங்கி ஆற்றுப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை அடித்துத் தடுத்த என் மனைவி, அங்கே அதே பிள்ளைகளை ஆற்றுக்குள்ளேயே விளையாட விட்டிருந்தாள்! காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். பத்து மணிக்கு நீர் மோர். வெயில் ஏறியதும் நுங்கு. ஓட்டோடு சீவிக் கொடுத்தால் கட்டை விரலால் நோண்டி உறிஞ்ச வேண்டும், பிள்ளைகளின் சட்டையெல்லாம் கறை. ராத்திரி வாசலில் கயிற்றுக் கட்டில். கரண்டு போனால்தான் ஊரே ஒன்றாக உட்கார்ந்து பேசும், தினமும் போயிற்று.

பாஷை விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் தம்பி அப்போது தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் கொண்டிருந்தான். என் மகள் தாத்தாவிடம், "சித்தப்பா தினமும் மரம் வெட்டப் போவாரு" என்றிருக்கிறாள். "ஒரு நாளைக்கு எத்தனை மரம்மா?" "ஐந்நூறு!" மாமனார் அதிர்ந்து போனார். நான் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். "மாப்ளே, தினம் ஐந்நூறு மரத்த வெட்டிச் சாச்சா ஒரு மாசத்துல காடே காலியாயிருக்குமே, கவர்மெண்டுல கேக்க மாட்டாங்களா?" பட்டையை மட்டும் மெல்லச் சீவுவதைத்தான் நாங்கள் வெட்டுவது என்கிறோம் என்று ஒரு வேப்பங்குச்சியில் செய்து காட்டினேன். அப்புறம் 'வெள்ளி'. "ரெண்டு வெள்ளி குடுங்க" என்று மகன் கேட்டால், பேரன் வெள்ளிச் சாமான் கேட்கிறான் என்று பாட்டி நினைத்துக் கொண்டார். 'பசியாறியாச்சா' என்று நாம் காலையில் சாதாரணமாகக் கேட்பது அங்கே பெரிய வார்த்தை. பிச்சைக்காரரிடம்தான் அப்படிக் கேட்பார்கள் என்று ஒரு மச்சான் முகத்தைச் சுளித்தார். நமக்கு அது அன்பான வார்த்தை. நான் மாற்றிக் கொள்ளவில்லை, மூன்று வாரமும் அவரிடமே கேட்டுக் கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை மரியாதை என்பது கொஞ்சம் கஷ்டமான காரியம்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாலாம் நாளும் எனக்கு மட்டும் நாற்காலி, எனக்கு மட்டும் விசிறி. தட்டைக் கழுவப் போனால் மாமியார் பதறுவார். தோட்டத்தில் நான் தண்ணீர் பிடிப்பேன், விறகு பிளப்பேன், பிள்ளையைக் குளிப்பாட்டுவேன். இதையெல்லாம் அங்கே சொல்லாதீர்கள் என்று மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஆனால் அவளைக் கவனித்தேன். இங்கே லயத்தில் அவளை 'ஊர்க்காரி' என்று அழைப்பார்கள். அங்கே போனால் அவள் 'மலேயாக்காரி'. அவள் கட்டிய கைலியை வேடிக்கை பார்த்தார்கள், சம்பால் அரைத்தாள் என்று வாசனை பார்க்க வந்தார்கள். பிறந்த ஊரிலேயே விருந்தாளியாகிப் போனேன் என்று ஒரு ராத்திரி சொல்லி அழுதாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். "ரெண்டு பிரசவமும் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்துச்சு. இதாவது எங்க வீட்டுல நடக்கட்டும், விட்டுட்டுப் போங்க மாப்ளே" என்றார் மாமியார். தாயின் ஆசையில் தப்பே இல்லை. மனைவிக்கும் உள்ளுக்குள் ஆசைதான். ஆனால் அவள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசி. திரும்பி வருவதற்கான அனுமதியில் ஒரு தேதி போட்டிருந்தது. பிள்ளை அங்கே பிறந்தால், தகப்பன் மலேசியக் குடிமகன் என்ற முறையில் ஓராண்டுக்குள் நம் தூதரக அலுவலகத்தில் பதிய வேண்டும். நான் சிரம்பானில், அவள் முசிறியில், தூதரக அலுவலகம் சென்னையில். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

அதை முடித்து வைத்தது ஒரு பாட்டியம்மா. அடுத்த தெருவில் 'மலேயா வீடு' என்று ஒரு ஓட்டு வீடு. அந்த அம்மா போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, பிள்ளை பெற்றவர். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நீல அட்டைக்கு மனுப் போடாமல் சிவப்பு அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 60,000 பேர் அந்தக் காலத்தில் இந்தியாவுக்குப் போனார்கள். அதில் இவரும் ஒருவர். புருஷனின் ஊர் இது. இவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

என் பிள்ளைகளைக் கண்டதும், "சூடா மாக்கான்?" என்று மலாயில் கேட்டார். என் மகள் துள்ளிக் குதித்தாள். லுக்குட் கடைத்தெருவைப் பற்றிக் கேட்டார், பெரட்டுக் களத்து மணி இன்னும் அடிக்கிறார்களா என்று கேட்டார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, தன் பழைய சிவப்பு அட்டையை எடுத்து என் மாமியார் கையில் கொடுத்தார். "அந்தத் தொரை காலத்துல இது ஒரு காயிதம்தானேன்னு விட்டோம். பொறந்த ஊரு போச்சு. ஒம் மகள இருக்கச் சொல்லு, சீராட்டு, வேணாங்கல. ஆனா காயிதம் சரியில்லாத புள்ளைக்கு ரெண்டு ஊரும் ஊரு இல்ல தாயி" என்றார். மாமியார் அந்த அட்டையில் இருந்த இளம் பெண்ணின் படத்தையே வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

மறுநாள் சுக்கு, திப்பிலி, மிளகு, ஓமம், பனை வெல்லம் எல்லாம் வெயிலில் காயப் போட்டு, பிரசவ மருந்து இடிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் நால்வரும் திரும்பினோம். மூன்றாவது பிள்ளை சிரம்பான் ஆஸ்பத்திரியில் பிறந்தான். மருந்து மட்டும் முசிறி மருந்து.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், இன்றும் நம் தோட்டத்துப் பையன்கள் தமிழ்நாட்டில் பெண் எடுக்கிறார்கள். தாலி கட்டினால் ஊருக்குத்தான் கல்யாணம், சர்க்காருக்கு இல்லை. 1982 மார்ச் 1 முதல் நம் நாட்டில் பதிவுத் திருமணம் வேண்டும் என்பது சட்டம். அங்கே கட்டினாலும் அங்கேயே பதிந்து சான்றிதழ் வாங்கிக் கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளை தாயின் கணக்கில்தான் போகும், தகப்பனின் குடியுரிமை வராது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பிள்ளை அங்கே பிறந்து, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓராண்டு கடந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுக்க வரிசையில் நின்றபோது அவன் மட்டும் வீட்டில் இருந்தான். கெட்டிக்காரப் பையன், கணக்கில் நூறு வாங்குகிறவன்.

நம் பெண்கள் வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டி, பிரசவம் அங்கே ஆனால் தாயின் குடியுரிமை பிள்ளைக்குத் தானாக வராது என்றுதான் வெகு காலம் இருந்தது. 2024-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி அதை மாற்ற ஒப்புக் கொண்டது. ஆனால் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன்பு சிரம்பானில் பதிவிலாகாவுக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சாமான். மாமியார் ஊருக்குப் போவதென்றால் கோடாலித் தைலம், கைலி, மைலோ என்று பெட்டி நிறைய வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. நகையை அடகு வைத்துச் சாமான் வாங்கிப் போய், வந்து இரண்டு வருஷம் வட்டி கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஆளுக்கொரு தைலப் புட்டியும் பிள்ளைகளுக்கு மிட்டாயும்தான் கொண்டு போனோம். ஒருத்தர் இருவர் முணுமுணுத்தார்கள். பாட்டியம்மாவுக்கு மட்டும், அடுத்த முறை போனவர்களிடம் ஒரு கட்டி பெலாச்சான் கொடுத்தனுப்பினோம். காகிதம் நாலு சுற்றியும் வழியெல்லாம் மணந்ததாம்.

என் மனைவி பிறகு மனுப் போட்டு, பல வருஷம் காத்திருந்து, நீல அட்டை வாங்கினாள். மூத்தவளுக்கு இப்போது பெரிய பிள்ளைகள். இப்போதெல்லாம் சிப்பாங்கில் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி. வருகிற டிசம்பரில் எல்லாரும் போகிறோம் என்கிறார்கள். நுங்கு வேண்டும் என்று பேரன் கேட்கிறான். டிசம்பரில் நுங்கு கிடைக்காது, ஆனால் ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.