ஏழாம் இன்னிங்ஸும் ஒரு பாட்டும்: கார்லோஸ் டெல்காடோ பற்றி

(எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுத் தமிழை முழுக்கத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.)



இந்த மாதத் தலைப்பு பேஸ்போல் எண்டு அறிவித்தல் வந்ததும், இரண்டு பேர் "பிழையா அனுப்பிட்டீங்களோ?" எண்டு கேட்டிருந்தீங்கள். பிழை இல்லை. நான் பிறந்து வளர்ந்தது ஸ்காபரோவில். எங்கட வீட்டில் அப்பா இரவு வேலையால வந்து, சோபாவில் படுத்தபடி பார்க்கிறது ப்ளூ ஜேஸ் ஆட்டத்தைத்தான். கிரிக்கெட் காட்டுற சனலுக்குத் தனியாகக் காசு கட்ட வேணும், அதனால பேஸ்போல். அப்பா ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் "எங்கட ஆள்" எண்டு சொல்லுவார். அவர் கார்லோஸ் டெல்காடோ.

விளையாட்டுத் தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். டெல்காடோ முதல் தளத்தில் நிற்பவர். அடித்தவன் ஓடி வந்து சேருவதற்கு முன்னால், மற்றவர்கள் எறியும் பந்தை ஒரு காலைத் தளத்தில் வைத்தபடி பிடிக்க வேண்டும். கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்காக ஸ்டம்புக்குப் பக்கத்தில் நிற்கும் கீப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கோணலாக எறிந்தாலும் பிடித்துக் காப்பாற்றுவது அவருடைய வேலை.

1972இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அகுவாடியா என்ற ஊரில் பிறந்தார். 1988இல், 16 வயதில், ரொறொன்ரோ அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 1993 ஒக்டோபரில் முதல் ஆட்டம். 2000ஆம் ஆண்டு .344 சராசரியும் 41 ஹோம் ரன்னும் எடுத்தார். அந்தப் பருவம் முடிந்ததும் நான்கு வருடத்துக்கு 68 மில்லியன் டொலர் ஒப்பந்தம். 2003 செப்டெம்பர் 25இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். மொத்தம் 473. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த வேறு எவரும் அவ்வளவு அடித்ததில்லை. கணக்கு இவ்வளவு போதும். நான் கதைக்க வந்தது வேறு விசயம்.

புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அந்தத் தீவில் வாழும்வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அமெரிக்கப் படையில் சேர்ந்து சண்டை பிடிக்கலாம், படையை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பவரைத் தெரிவு செய்ய முடியாது. அவர்களுடைய சிறிய தீவு ஒன்று வியேக்கஸ். 1940களில் அமெரிக்கக் கடற்படை அதன் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, சனங்களை நடுவில் ஒதுக்கி, கிழக்குப் பக்கத்தில் குண்டு போட்டுப் பழகியது. அறுபது வருடம். 1999 ஏப்ரல் 19இல் இலக்குத் தவறிய குண்டுகள் விழுந்து டேவிட் சானெஸ் என்ற உள்ளூர்க் காவலாளி இறந்தார். அதன் பிறகு சனங்கள் குண்டு விழும் நிலத்துக்குள்ளேயே கொட்டில் போட்டு இருந்தார்கள். மீனவர்கள், ஆசிரியர்கள், பாதிரிமார் என்று நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். 2003 மே 1இல் கடற்படை வெளியேறியது.

டெல்காடோ இதற்காகத் தன் காசைக் கொடுத்தார். பாடகர் ரிக்கி மார்ட்டின் போன்றவர்களோடு சேர்ந்து அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டார். கடற்படை போனது மட்டும் காணாது, விட்டுப்போன நஞ்சையும் துப்புரவாக்க வேண்டும் என்றார்.

அதே வருடம் ஈராக் போர் தொடங்கியது. 2001 செப்டெம்பருக்குப் பிறகு அமெரிக்க மைதானங்களில் ஏழாம் இன்னிங்ஸ் இடைவேளையில் "கோட் பிளெஸ் அமெரிக்கா" பாட்டுப் போடும் வழக்கம் வந்திருந்தது. போரையும் அந்தப் பாட்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள் என்று டெல்காடோ நினைத்தார். 2004 பருவத்தில் அந்தப் பாட்டுக்கு அவர் வெளியே வந்து நிற்கவில்லை. தேசிய கீதத்துக்கு நின்றார். இந்தப் பாட்டுக்கு மட்டும் உள்ளேயே இருந்தார். கொடியை எரிக்கவில்லை, கூட்டம் போடவில்லை. மாதக்கணக்கில் ஒருவரும் கவனிக்கவேயில்லை. ஜூலையில் ரொறொன்ரோப் பத்திரிகை ஒன்று எழுதிய பிறகுதான் வெளியே தெரிந்தது. கேட்டபோது ஒளிக்காமல், இது முட்டாள்தனமான போர் என்றார். அதற்குப் பிறகு நியூயோர்க்கில், யாங்கி மைதானத்தில், ஒவ்வொரு முறை துடுப்போடு வரும்போதும் சனம் கூவென்று கத்தியது.

இந்த இடத்தில் கதையை நிப்பாட்டினால் நல்லா இருக்கும். எங்கட சுவரொட்டிகளில் நாங்கள் இந்த இடத்தில்தான் நிப்பாட்டுறம்.

2005 முடிவில் அவரை நியூயோர்க் மெற்ஸ் அணி வாங்கியது. அந்த அணியில், பாட்டுக்கு எல்லோரும் நிற்க வேண்டும் என்பது விதி. டெல்காடோ சரி என்றார். கருத்து மாறவில்லை, ஆனால் அணிக்கு இடைஞ்சலாக இருக்க விரும்பவில்லை என்றார். தன்னை 21ஆம் இலக்க ஊழியர் என்று அழைக்கச் சொன்னார். 21 என்பது ரொபர்ட்டோ கிளெமென்டே அணிந்த எண். நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்ட நிக்கராகுவா மக்களுக்கு நிவாரணம் கொண்டுபோகும்போது 1972 கடைசி நாளில் விமான விபத்தில் இறந்த புவேர்ட்டோ ரிக்கோ ஆட்டக்காரர். அந்த எண்ணைப் போட்டுக்கொண்டுதான் டெல்காடோ அந்தப் பாட்டுக்கு எழுந்து நின்றார். 2006இல் கிளெமென்டே பெயரிலான சமூக சேவை விருதும் அவருக்குக் கிடைத்தது.

முதன்முதல் இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. "கோடிக்கணக்கில காசு இருக்கிற ஆளே இப்படி வளைஞ்சால்?" எண்டு. அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல், "அவன் தனிய இருந்தவன் தானே" எண்டார். அவ்வளவுதான்.

இப்ப நான் ஒரு விசயம் சொல்ல வேணும். போன வருசம் ஒரு போர் எதிர்ப்பு அறிக்கையில் என்ர பெயர் இருந்தது. உங்களில் சிலர் அதைப் பகிர்ந்தீங்கள். நான் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்துச் சம்பளம் வாங்குற ஆள், நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பினம். அந்த நேரம் பொறுப்பில் இருக்கிற ஒருவர் என்னைக் கூப்பிட்டு, மிரட்டாமல், அன்பாக, என்ர நன்மைக்குத்தான் சொல்லுறன் எண்டு சொன்னார். நான் பெயரை எடுத்திட்டன். உங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதே மாதம் இதே மேசையில், வேலைக்குப் பயந்து ஊர்வலத்துக்கு வராத ஒரு தோழரை நாங்கள் கிழித்துத் தொங்கப்போட்டோம். நானும் பேசினேன். அந்தத் தோழர் பிறகு வரவில்லை.

அதனால்தான் டெல்காடோவின் கதையில் நான் கேட்கும் கேள்வி இப்போது மாறிவிட்டது. 2004இல் இருந்தது சரியா, 2006இல் நின்றது பிழையா என்பது முக்கியமில்லை. 2004இல் அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்காவிலேயே பலமான தொழிற்சங்கங்களில் ஒன்று உண்டு. அந்த நேரம் ஓர் அணியில் 25 பேர் இருந்தார்கள். அன்றைக்கு அவரோடு பத்துப் பேர் உள்ளே இருந்திருந்தால், அடுத்த முதலாளி விதியைக் காட்ட யோசித்திருப்பார். வியேக்கஸ் வென்றது சனம் கூட்டமாய்ப் போனதால். பாட்டு விசயத்தில் டெல்காடோ தோற்றது அவர் தனியாய் இருந்ததால். இரண்டிலும் ஆள் ஒருவர்தான், துணிவும் ஒன்றுதான்.

கடைசியாக ஒரு திகதி. 2009 மே 10. வன்னியில் கொலை நடந்துகொண்டிருந்த நேரம். ஸ்பதைனா ஏற்றத்தால் ஏறி, நாங்கள் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தோம். எனக்குப் பத்து வயசு. அம்மாவின் கையைப் பிடித்தபடி ரோட்டில் இருந்தேன். டெல்காடோ பத்து வருடத்துக்கு மேல் விளையாடிய மைதானம் பக்கத்தில் தெரிந்தது. அதே நாள் நியூயோர்க்கில் அவர் தன் கடைசிப் பெரிய ஆட்டத்தை விளையாடினார். அதற்குப் பிறகு இடுப்பு விடவில்லை. இது தற்செயல், அர்த்தம் ஒன்றும் தேட வேண்டாம். ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் வரவில்லை. ஏன் எண்டு இப்பதான் விளங்குது. என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கில் சனம் இருந்தது.

என்ர முன்மொழிவு இரண்டு. ஒன்று, ஒப்பந்தத்திலும் விசாவிலும் இருக்கிற ஆக்கள் தனியப் பெயர் போடாமல், குறைந்தது பத்துப் பேர் சேர்ந்த பிறகே பெயர் வெளியே போக வேணும். ஒருவரைக் கூப்பிட்டு "அன்பாக" கதைத்தால், அடுத்த நாளே மற்ற ஒன்பது பேருக்கும் அது தெரிய வேணும். இரண்டு, வராமல் விட்ட அந்தத் தோழருக்கு நான் போன் எடுக்கப் போறன். ஆராவது என்னோட சேர்ந்து கதைக்க வாறீங்களோ?