மண்ணைக் கையால் பாருங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடலைக் கொல்லையில் நின்றுகொண்டு, "பெரியவரே, மேல்மண் வெளுத்துப் போச்சு, இன்றைக்கே தண்ணி கட்டுங்க" என்றேன். விழுது இறங்குகிற சமயம், அதனால் எனக்குப் பதற்றம். அவர் பதில் பேசவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, களைக்கொட்டால் அரை அடி தோண்டி, ஒரு பிடி மண்ணை இறுக்கிக் கையை விரித்தார். உருண்டை உடையாமல் நின்றது. "ரெண்டு நாள் பொறுக்குமுங்க சார்" என்றார். பொறுத்தது. அந்த ரெண்டு நாளில் கிணற்றில் ஊறிய தண்ணீர் கடைசிப் பாத்தி வரை எட்டியது. பட்டம் வாங்கிய நான் கண்ணால் மட்டும் பார்த்தேன். அவர் கையால் பார்த்தார்.

இதைக் கைராசி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விரல் நுனியில் யாராவது ஒரு சிட்டிகை ஈரமண் வைக்கட்டும். விரலை அசைக்காமல் இருந்தால் அது என்ன மண் என்று சொல்வது கஷ்டம். இப்போது கட்டைவிரலால் தேயுங்கள். நறநறவென்றால் மணல், மாவு மாதிரி வழுக்கினால் வண்டல், பிசுபிசுவென்று ஒட்டினால் களிமண். தோலுக்கு அடியில் உள்ள நரம்பு முனைகளில் பல, மாற்றத்தை மட்டுமே சொல்லும். அசைவு நின்றால் ஓய்ந்துவிடும். காலையில் கட்டிய வேட்டி இடுப்பில் இருப்பதே மறந்துபோகிறதல்லவா, அதுபோலத்தான். விரல் நகரும்போது தசையும் மூட்டும் சேர்ந்து மூளைக்குச் சேதி அனுப்புகின்றன.

1962-ல் ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் பிஸ்கட் வெட்டும் அச்சுகளை வைத்து இதைச் சோதித்தார். உள்ளங்கையில் அச்சை அழுத்தியபோது பாதித் தடவைதான் வடிவத்தைச் சரியாகச் சொன்னார்கள். தாங்களே தடவிப் பார்த்தபோது அநேகமாக எல்லாத் தடவையுமே சரியாகச் சொன்னார்கள்.

மறு வருஷம் ஹெல்ட், ஹைன் என்ற இருவர் பூனைக்குட்டிகளை இருட்டில் வளர்த்து, தினமும் கொஞ்ச நேரம் மட்டும் வெளிச்சத்தில் விட்டார்கள். ஒரு குட்டி நடந்து ராட்டினத்தை இழுக்கும். இன்னொன்று அதில் சவாரி போகும். இரண்டும் பார்த்தது ஒரே காட்சி. ஆனால் நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது. சவாரி போனதற்கு அது தெரியவில்லை. பிறகு ஓடியாட விட்டதும் அதுவும் கற்றுக்கொண்டது.

நம் பிள்ளைகளை வரப்பில் நிறுத்திவைத்து வாயால் பாடம் சொல்கிறோமே, அவர்களும் சவாரி போகிற குட்டிகள்தான். கையில் மண்ணைக் கொடுங்கள். வேர் ஓடும் ஆழத்து மண்ணை எடுத்து இறுக்கச் சொல்லுங்கள். செம்மண் கொல்லையில் உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் கட்ட வேண்டியதுதான். கரிசல் ஈரம் குறைந்தபிறகும் உருண்டை பிடிக்கும். அதற்குக் கணக்கு வேறு, நாலைந்து தடவை பிடித்துப் பார்த்தால் கைக்கே பிடிபட்டுவிடும். குருணை மருந்து போட்ட வயலில் மட்டும் வெறுங்கையை விடாதீர்கள்.

இன்னொன்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது உண்டு. முள் ஏறினாலும் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். அவர்கள் செருப்பில்லாமல் கொல்லையில் இறங்க வேண்டாம். ராத்திரி கால் கழுவியதும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்கட்டும்; குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.