மறைத்து வைத்த அறிக்கை

(பீடோங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு போலீஸ் அதிகாரியின் வழக்கைப் பற்றிப் பால் மரம் சீவும் மக்களிடம் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஒருவரை வேலையிலிருந்து விலக்குவதற்கு முறை என்று ஒன்று உண்டு; அதை இந்நாட்டுக்கு எடுத்துச் சொன்ன வழக்கு அது. ஆகவே பேசுகிறோம்.

சுரிந்தர் சிங் கண்டா, மலாயா போலீஸ் படையில் இன்ஸ்பெக்டர். ஒரு குற்ற வழக்கு கோர்ட்டில் தோற்றுப் போனது. காரணம் அறியப் போலீஸ் இலாகா ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை கண்டாவைக் கடுமையாகக் குறை கூறிற்று. பின்னர் அவர்மீது ஒழுங்கு விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரியின் கையில் அந்த அறிக்கை இருந்தது. கண்டாவின் கண்ணில் அது காட்டப்படவில்லை. 1958 ஜூலை 7-ஆம் நாள் போலீஸ் கமிஷனர் அவரை வேலைநீக்கம் செய்தார்.

கண்டா வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ரிக்பி, நீக்கம் செல்லாது என்றார். அப்பீல் கோர்ட் அதை மாற்றியது. அந்நாளில் நமக்கு இறுதி மன்றம் லண்டன் பிரிவி கவுன்சில். 1962-ல் அது கண்டாவுக்கே வெற்றி தந்தது. தீர்ப்பை வாசித்தவர் லார்டு டென்னிங்.

காரணங்கள் இரண்டு. முதலாவது, அதிகாரம். சுதந்திரத்துக்குப் பின் இன்ஸ்பெக்டரை நியமிக்கவும் நீக்கவும் உரிமை பெற்றது போலீஸ் சேவை ஆணைக்குழு, கமிஷனர் அல்லர். பழைய சட்டம் அரசியல் சட்டத்தோடு மோதினால் பழையதே வழிவிட வேண்டும்.

இரண்டாவது, நியாயம். தன்மீது சொல்லப்படுவது என்னவென்று தெரியாதவன் எதற்குப் பதில் சொல்வான்? ஒரு தரப்பு கொடுத்ததை மறு தரப்புக்குத் தெரியாமல் விசாரிப்பவர் வாங்கி வைத்துக்கொள்ளலாகாது. அது அவர் மனத்தைக் கெடுத்ததா என்று கோர்ட் துருவிப் பார்க்காது. கெடுத்திருக்கக் கூடும் என்பதே போதும்.

தோழர்களே, அரசாங்க ஊழியருக்கு அரசியல் சட்டத்தின் 135-ஆவது விதி காவல். நமக்கு வேறு சட்டங்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒழுங்கீனம் என்று சொல்லி விலக்குமுன் தக்க விசாரணை நடத்தச் சொல்கிறது. விசாரணைக்காக நிறுத்தி வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அரைச் சம்பளத்துக்குக் குறையவும் கூடாது. குற்றம் இல்லையென்றால் பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் ஒன்றை மறவாதீர். விசாரணை நடத்தவில்லை என்பதாலேயே வழக்கு நம் கைக்கு வந்துவிடாது. தொழில் நீதிமன்றம் முழு விவகாரத்தையும் புதிதாகக் கேட்கும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. எனினும் நம் சாட்சியும் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே, ஒட்டுப்பால் திருட்டு என்றோ, பெரட்டில் எதிர்த்துப் பேசினாய் என்றோ பழி வந்தால், குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். மண்டோர் கொடுத்த புகாரைக் காட்டச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். கிராணிமார் நண்பர்களே, படிக்கத் தெரியாதவருக்கு அதைப் படித்துச் சொல்லுங்கள். வேலை போய்விட்டால் அழுதுகொண்டு லயத்தில் உட்கார வேண்டாம்: 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் நியாயமும் தவறும்.

ஓர் இன்ஸ்பெக்டர் நான்கு ஆண்டுகள் போராடிப் பெற்ற நீதி இது. கேட்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும். கேட்போம், கூடி நின்று கேட்போம்!