சிறுவனின் சூளுரையும் ஆற்றில் எறியப்பட்ட விளக்கும்



பிலிப்பைன்ஸ் நாடு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்பானியரின் பிடியில் இருந்தது. 1872 பெப்ரவரி 17 அன்று கோமெஸ், புர்கோஸ், சமோரா என்னும் மூன்று பாதிரிமாரை, கிளர்ச்சியைத் தூண்டினர் என்று குற்றஞ்சாட்டி, மணிலாவில் பலர் பார்க்கக் கழுத்தை நெரித்துக் கொன்றனர். கலம்பா ஊரைச் சேர்ந்த ஹொசே ரிசாலுக்கு அப்போது வயது 10. அண்ணன் பசியானோ, புர்கோஸ் பாதிரியாருக்கு நெருக்கமானவர். ஏறத்தாழ அதே காலத்தில் அவர்களின் தாயார் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகி, நெடுந்தூரம் நடத்தியே கொண்டு செல்லப்பட்டு, இரண்டரை ஆண்டுகள் சிறையில் வாடினார். இத்தனை பேருக்காக ஒருநாள் பழிவாங்குவேன் என்று சிறு வயதிலேயே சூளுரைத்ததாக, 1889இல் நண்பருக்கு எழுதிய மடலில் ரிசால் குறிப்பிடுகிறார்.

அந்தச் சூளுரை என்னவாயிற்று?

1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தமது இரண்டாம் புதினமான 'எல் பிலிபுஸ்தெரிஸ்மோ'வை அவர் வெளியிட்டார். அம்மூவருக்கே அது காணிக்கை. அதில் வரும் பசீலியோ, தம்பியையும் தாயையும் கொடுமைக்குப் பறிகொடுத்தவன், மருத்துவம் பயில்கிறான். பழிவாங்கத் திட்டமிடும் சிமோன் என்னும் நகை வணிகர் அழைத்தபோது முதலில் மறுக்கிறான். நோயாளருக்குத் தொண்டு செய்வதே போதும் என்பது அவன் எண்ணம். பின்னர் குற்றமின்றிச் சிறைப்படுகிறான். அதற்குள் அவனுக்கு உரியவளும் மாள்கிறாள். வெளியே வந்ததும் தானாகவே சிமோனிடம் செல்கிறான். அவனைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? "கோபம் கூடாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகர்வது பெற்றோருக்கு எளிது. ரிசால் அந்த எளிய வழியை எடுக்கவில்லை.

ஆட்சியாளர் கூடும் திருமண விருந்தில் வெடிமருந்து நிரப்பிய விளக்கு வைக்கப்படுகிறது. வெளியே நிற்கும் நண்பன் இசகானியைக் காப்பாற்ற எண்ணி, பசீலியோ இரகசியத்தைச் சொல்லிவிடுகிறான். மணமகளோ இசகானி காதலித்தவள். அவன் உள்ளே பாய்ந்து விளக்கை எடுத்து ஆற்றில் எறிகிறான். இதை மன்னிப்பு என்று சொல்வது மிகை. ஆட்சியாளரை இருவருமே மன்னிக்கவில்லை; தமக்கு வேண்டியவர் ஒருவர் சாவதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

ரிசாலின் வாழ்வும் அவ்வாறே சிக்கலானது. 1896 டிசம்பர் 15 அன்று ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டித்துச் சிறையிலிருந்து அறிக்கை எழுதினார். ஆட்சியாளர் அதை வெளியிடவில்லை. டிசம்பர் 30 அன்று, 35ஆம் வயதில், மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அதன்பின் பசியானோ புரட்சிப் படையில் சேர்ந்து தளபதியானார். தாயார் தெயோடோரா 1911 வரை உயிர் வாழ்ந்தார்.