தேருக்கு வழி விட்ட ஊர்

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெசவாளப் பெரியவர்களே, வீட்டு வேலையை முடிச்ச கையோட ஓடி வந்திருக்கிற தாய்மார்களே, இறங்கி உக்காராம பைக் மேலயே இருந்து கேக்குற தம்பிகளே!

எனக்குக் குடுத்த தலைப்பு "நகரத் திட்டமிடலும் மக்கள் வாழ்வும்". நோட்டீஸைப் பார்த்ததுமே பயந்துட்டேன். இந்தத் தலைப்புக்கு நம்ம மதுரைச் செல்லூர்ல யாருய்யா வருவா? ஆனா கூட்டத்தைப் பார்த்தா சந்தோஷமா இருக்கு. முடிஞ்சதும் சுண்டல் உண்டுன்னு நலச்சங்கச் செயலாளர் மைக்குல சொன்னதுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் நம்புறேன்!

திட்டமிடல்னா வெளிநாட்டுச் சரக்குன்னு சில பேருக்கு நினைப்பு. நான் கேக்குறேன், மதுரையில பிறந்தவன் திட்டமிடலை வெளியே போயா படிக்கணும்? நடுவுல ஆத்தா மீனாட்சி. கோயிலுக்குள்ள ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதைச் சுத்தி ஆவணி மூல வீதி. அதையும் சுத்தி மாசி வீதி. அந்த மாசி வீதிக்கு அகலம் வச்சவன் எதைப் பார்த்து வச்சான்? தேரைப் பார்த்து வச்சான். தேர் நேரா ஓடினாப் போதாது, மூலையில திரும்பணும். வடம் பிடிக்கிறவனுக்கு இடம் வேணும், ஓரத்துல நிக்கிற கூட்டத்துக்கு இடம் வேணும், நடுவுல பானகம் ஊத்துறவனுக்கும் வேணும். அவ்வளவையும் கணக்குப் பண்ணித்தான்யா தெரு போட்டான்!

கை தட்டுறீங்க, சந்தோஷம். இப்பக் கேக்குறேன். சித்திரைத் தேரோட்டத்தன்னிக்கு அந்த நாலு மாசி வீதியும் எப்படி இருக்கு? ஒரு வண்டி நிக்குதா? ஒரு கடைப் பலகை ரோட்டுக்கு வருதா? எல்லாம் உள்ள போயிருது. மறுநாள் காலையில போய்ப் பாருங்க. பலகை வெளியே, பைக் பலகைக்கு வெளியே, பைக்குக்கு வெளியே ஆட்டோ, ஆட்டோவுக்கு வெளியே நானும் நீங்களும். சாமிக்கு வழி விடுறோம். பிரசவ வலியில வர்ற பொம்பளைக்கு வழி விடுறோமா? ஆம்புலன்ஸ் அங்கயே நின்னு கத்திக்கிட்டு இருக்கு. தெரு அதே தெருதான், அகலமும் அதே அகலம்தான்!

ஒரு கதை சொல்றேன். கதைன்னா நடந்த கதை. இந்த ஊரைச் சுத்திக் கோட்டை இருந்துச்சு, கோட்டையைச் சுத்தி அகழி இருந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர். ஊர் உள்ளுக்குள்ளயே நெருக்கி அடைச்சுக் கிடக்கு, காத்து வரலை, கோட்டையை இடிக்கணும்னு முடிவு பண்றார். இடிக்க ஆள் வேணும், காசு வேணும். நம்ம ஆளுங்க கோட்டையில காவல் தெய்வம் இருக்கு, கை வைக்க மாட்டோம்னு சொன்னதாவும் பெரியவங்க சொல்வாங்க. மனுஷன் என்ன பண்ணார்? தண்டோரா போட்டார். எவன் சுவரை இடிச்சு அகழியை மூடுறானோ, அந்த இடம் அவனுக்கே! அவ்வளவுதான், கடப்பாரையும் மண்வெட்டியுமா ஊரே இறங்கிருச்சாம். அளந்து குடுத்த சர்வேயர் மாரட். கூட நின்னு வேலை வாங்கினவர் பெருமாள் மேஸ்திரி. இன்னிக்கும் ரயிலை விட்டு இறங்கி லாட்ஜ் தேடுறவன் பெருமாள் மேஸ்திரி வீதி எங்கன்னுதான் கேக்குறான். கலெக்டருக்கு ஒரு விளக்குத்தூண் வச்சோம், சரி. சர்வேயருக்குத் தெரு, மேஸ்திரிக்குத் தெரு! ஊரை அளந்தவன் பேரைத் தெருவுக்கு வச்ச ஊரு நம்ம ஊருய்யா! இந்தக் காலத்துல வைப்பானா? அளந்தவன் பேர் கல்வெட்டுல கடைசி வரியில கூட வராது. ரிப்பன் வெட்டினவன் பேர்தான் மேல இருந்து கீழ வரைக்கும்!

வெள்ளைக்காரனைப் புகழ்ந்தேன்னு நாளைக்கு ஒருத்தர் பேசுவார். பேசட்டும். நான் புகழ்றது மேஸ்திரியை.

மேஸ்திரின்னு சொன்னதும் எனக்கு இன்னொருத்தர் ஞாபகம் வர்றார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அவருக்குப் பிடிக்காது. இந்தப் பக்கம் ஓவர்சியரா இருந்தவர். பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆங், அந்த அய்யா தலையாட்டுறார் பாருங்க. மழை பெஞ்சா நாமெல்லாம் வீட்டுக்குள்ள ஓடுவோம், அவர் குடையை எடுத்துக்கிட்டு வெளியே வருவார். சந்து சந்தா நடப்பார். தண்ணி எது வரைக்கும் நிக்குதோ, அந்தச் சுவத்துல நீலப் பெயிண்டால ஒரு கோடு, பக்கத்துல வருஷம். என்ன சார் சுவத்தை அசிங்கம் பண்றீங்கன்னு சண்டைக்கே போயிருக்கோம். நானே போயிருக்கேன். அந்தக் கோடெல்லாம் சேர்த்துப் பழைய காலண்டர் தாள் பின்பக்கத்துல ஒரு படம் வரைஞ்சு வச்சிருந்தார். எங்க மேடு, எங்க பள்ளம், பந்தல்குடி வாய்க்கால் எந்த இடத்துல குறுகுது, எந்த வீட்டுத் திண்ணை வாய்க்காலுக்குள்ள நிக்குது, எல்லாம் அதுல இருக்கு. மேல கொண்டு போய்க் குடுத்தார். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? "கன்சல்டன்ட் பார்த்துக்குவாங்க."

புதுமண்டபத்துத் தையல்காரங்க, இப்பக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிட்டாங்களே, அவங்கள்ல ஒருத்தராவது உடம்பை அளக்காமத் துணியில கத்திரி வைப்பாரா? ஒரு ரவிக்கைக்கு இருக்கிற மரியாதை இந்த ஊருக்கு இல்லையா!

2024 அக்டோபர். ஒரே நாள் மழைதான். செல்லூருக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு? உங்களுக்கு நான் சொல்லணுமா? இங்க ஒரு அண்ணன் வீட்டுக் குழித்தறி. குழிக்குள்ள தண்ணி ஏறி, மிதிகட்டை முங்கி, தறியில பூட்டியிருந்த பாவு நனைஞ்சு, சிவப்புச் சாயம் வெள்ளையில இறங்கிருச்சு. அந்த அக்கா பாவைக் கையில எடுத்துப் பிழிஞ்சுக்கிட்டே நின்னுச்சு. பிழிஞ்சா ஆகப்போறது ஒண்ணுமில்லைன்னு அதுக்கே தெரியும். அதுக்கப்புறம் தறியைப் பத்தி எழுதின பேப்பரை நான் பார்க்கலை. தண்ணி வடிஞ்சதுன்னு எழுதினான். தண்ணி வடிஞ்சது சரி, அந்தப் பாவுக்குக் கூலி யாருய்யா குடுத்தா?

தண்ணி ஏன் ஊருக்குள்ள வருதுன்னு கேட்டா, ஒரு பெரிய மனுஷர், போன மாசம் வேற ஒரு மேடையில, இதே மாதிரி மாலை மரியாதையெல்லாம் வாங்கிக்கிட்டுச் சொல்றார்: "ஊர் வளர்ந்தா கண்மாய் சுருங்கத்தான் செய்யும்." அடேங்கப்பா! அய்யா, நீங்க வளர்ந்தீங்களே, உங்க வீட்டுத் திண்ணை சுருங்கிச்சா? உங்க காம்பவுண்டு சுருங்கிச்சா? கண்மாய் மட்டும் ஏன் சுருங்கணும்? இருங்க, இருங்க, நான் பேர் சொல்லலை. நீங்களா விசில் அடிக்கிறீங்க. இவங்களுக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்? தண்ணி ஆவியாகாம இருக்க வைகை அணையில தெர்மாகோல் விட்ட கதையெல்லாம் நான் இந்த மேடையில பேசவே மாட்டேன்! சத்தியமாப் பேச மாட்டேன்!

எங்க விட்டேன்? கண்மாய். சுருங்குனது யாரால? குடிசை போட்ட ஏழையாலன்னு சொல்வாங்க. ஏழை ஆக்கிரமிச்சது நாலு அடி. மாநகராட்சி அலுவலகமே தல்லாகுளம் கண்மாயில. உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயில. அதுக்கு மேல பேச மாட்டேன், வழக்குப் போட்டுருவாங்க. சர்க்காரே கண்மாய்க்குள்ள போய் உக்காந்துக்கிட்டு, கரையில நிக்கிறவனைப் பார்த்து ஆக்கிரமிப்புன்னு சொன்னா என்ன நியாயம்?

2011ல ஊரைப் பெருசாக்கினாங்க. 72 வார்டு 100 ஆச்சு. சுமார் 52 சதுர கிலோமீட்டர் 148 ஆச்சு. கிட்டத்தட்ட மூணு மடங்கு. கோடு போட்டவனுக்குக் கோடு போட ஒரு நாள் போதும். கோட்டுக்குள்ள வந்தவனுக்குச் சாக்கடை வர எத்தனை வருஷம்? புது வார்டுக்காரங்க இருக்கீங்களா? கை தூக்குங்க. பார்த்தீங்களா, அங்கதான் ஜாஸ்தி கை. வரி மட்டும் டவுன் வரி!

நத்தம் ரோட்டுல பாலம் கட்டினாங்க. ஏழு கிலோமீட்டருக்கு மேல. நல்ல பாலம், நான் குறை சொல்லலை. கார்ல போறவன் காத்தாப் போறான். ஆனா பாலத்துக்குக் கீழ ஒரு அம்மா மருந்துச் சீட்டோட ரோட்டைக் கடக்க நிக்குதே, அதுக்கு என்ன செஞ்சோம்? கோரிப்பாளையத்துலயும் இதே கதைதான், நின்னு பாருங்க. ஒரு கால் எடுத்து வைக்கும், ரெண்டு கால் பின்னால வைக்கும். நடக்கிறவனுக்கும் ஒரு வழி போடுன்னு சொன்னா நம்மளை ஒரு மாதிரி பார்க்கிறாங்க. ஊர்ல நிறையப் பேர் நடக்கிறவன்தான்யா!

எல்லாம் கெட்டுப் போச்சுன்னு அழுதுட்டுப் போக நான் வரலை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் வெட்டினது. எத்தனை வருஷம் வறண்டு கிடந்துச்சு! நம்ம பயலுகளுக்கெல்லாம் அதுதான் கிரிக்கெட் கிரவுண்டு. நானும் அதுக்குள்ள நின்னு பந்து பொறுக்கினவன்தான். பனையூர் வாய்க்காலைத் தூர் வாரி, வைகைத் தண்ணியைக் கொண்டு வந்து விட்டாங்க. குளம் நிறைஞ்சுச்சு. குளம் மட்டுமா? சுத்துப்பட்டுல காஞ்சு கிடந்த போர்ல தண்ணி ஏறிச்சு. சாயங்காலம் போய்ப் பாருங்க, கிழவன் கிழவியெல்லாம் சுத்துச் சுவர்ல வரிசையா உக்காந்து கதை பேசுது. பிரஷர் மாத்திரை தர்ற சுகத்தை விட அது பெரிய சுகம். ஒரு வாய்க்கால்தான்யா, ஒத்தை வாய்க்கால்! அதைத் திறந்தாப் போதும்னு சொன்னவன் நம்மள்ல எத்தனை வருஷமா இருந்திருப்பான்? அவனை யார் கேட்டா?

மறுபடி அந்த ஓவர்சியர்தான் வர்றார். விட முடியலை. ரிட்டயர் ஆகிட்டார். அந்தக் காலண்டர் தாள் இன்னும் அவர் வீட்டுல மடிச்சு இருக்கு. நேத்துப் போய்ப் பார்த்தேன். இந்தக் கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். "மழை வருமான்னு பார்த்துட்டுச் சொல்றேன்"னார். மழை வந்தா வர மாட்டாராம், குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவாராம்!

தலைவர் துண்டுச் சீட்டு குடுத்துட்டார். "ரெண்டு நிமிடம்". இந்தச் சீட்டை எங்க போனாலும் குடுத்துர்றாங்க. சரி, வேலைக்கு வர்றேன். 2022லருந்து பகுதி சபைன்னு ஒண்ணு இருக்கு. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி டவுனுக்கு இது. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்கு முதல்ல கூட்டினாங்க. நம்மள்ல எத்தனை பேர் போனோம்? கவுன்சிலர் இருந்தார், அதிகாரி இருந்தார், நாற்காலி இருந்துச்சு. மக்களைத்தான் காணோம். இந்தத் தடவை போறோம். அந்தக் காலண்டர் தாளை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணு கையில வச்சுக்கிட்டுப் போறோம். இதைப் பதிவு பண்ணுங்க, தீர்மானப் புத்தகத்துல ஏத்துங்க, நகல் குடுங்கன்னு கேக்குறோம். குடுக்கலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு.

யார் யார் வர்றீங்க? கை தூக்குங்க. அட, சுண்டலுக்கு இல்லைங்க, சபைக்கு! பைக் தம்பிகளா, உங்களையும்தான். செயலாளர் நோட்டோட வர்றார், பேரும் போன் நம்பரும் எழுதுற வரைக்கும் ஒருத்தரும் கையை இறக்கக் கூடாது.