புகையிலைப் பயிரும் குடியானவன் கணக்கும்

(சீயமங்கலத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிப்பவனுக்கு வேளாண்மையைப்பற்றிப் பேச யாது தகுதி என்று சிலர் கருதலாம். யானும் ஏர்பிடித்த குடியிற் பிறந்தவனே. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த தூணாண்டார் குகைக்கோயில் விளங்கும் இச்சீயமங்கலத்தில் நெல்லும் மணிலாவுமே நம்மவர் வாழ்வுக்கு ஆதாரம். இப்பொழுது நம் இளைஞர் சிலர், கிணற்றுப் பாசன நிலத்திற் புகையிலை பயிரிட்டால் கைநிறையப் பணம் கிடைக்கும், வியாபாரிகள் முன்பணமும் தருவர் என்று கேள்வியுற்று, அம்முயற்சியில் இறங்க எண்ணியிருக்கின்றனர். அவர்கள் பொருட்டே இன்று பேசத் துணிந்தேன்.

புகையிலை அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கீசியரால் நம் நாட்டுக்கு வந்த பயிர். தமிழ்நாட்டில் திண்டுக்கல், ஈரோடு, வேதாரணியம் முதலிய இடங்களில் அது வேரூன்றியது. திண்டுக்கல்லை அடுத்த வேதசந்தூரில் 1948-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மீனாட்சி, அபிராமி, பாக்கியலட்சுமி முதலிய மெல்லும் புகையிலை வகைகள் அங்கே உருவாயின. வரப்போரம் ஆமணக்கை விதைத்து இலைப்புழுவை அதன்பால் ஈர்த்தல், வேரை உறிஞ்சும் புகையிலைக் காளானை விதை முற்றுமுன் பிடுங்குதல் ஆகிய முறைகளையும் ஆராய்ச்சியாளர் வற்புறுத்தினர். விளைச்சலைப் பெருக்க அறிவு செய்த உதவி பெரிது; அதனை யான் குறைகூறேன்.

ஆயினும் பாட்டைப் பாருங்கள். ஒரு கிராம் எடையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் அடங்கும். அத்துணைச் சிறிய விதையை நாற்றங்காலில் தெளித்து, நாள்தோறும் பூவாளியால் நீர் தெளித்து, ஏறக்குறைய 45 நாள் குழந்தைபோற் காக்கவேண்டும். நட்டபின், பூங்கொத்தைக் கிள்ளினாலன்றி இலை தடித்துக் காரம் ஏறாது. கிள்ளினாலோ பக்கத்தே சிம்புகள் துளிர்க்கும். அவற்றையும் அடிக்கடி ஒடிக்கவேண்டும். அறுத்த செடியை வெயிலில் உலர்த்தி, அம்பாரமிட்டு, புரட்டிப் புரட்டிப் பதப்படுத்தவேண்டும். இவற்றுட் பெரும்பகுதி வீட்டுப் பெண்டிர் கைவேலை. நனைந்த இலையின் நஞ்சு தோல்வழியே உடலிற் புகுந்து மயக்கமும் வாந்தியும் உண்டாக்கும். அக்கூலியையும் அந்நோவையும் எந்தக் கணக்கில் எழுதுகின்றோம்?

என் மனைவியின் தமையனார் வேதசந்தூர்ப் பக்கத்திற் குடியேறி இப்பயிர் செய்தவர். முதலாண்டு ஒரு வியாபாரியிடம் முன்பணம் பெற்றார். அதனாற் கிணற்றை ஆழப்படுத்தினார். இலை நன்றாகவே விளைந்தது. எடைபோடும் நாளில் அவ்வியாபாரி இரண்டொரு கட்டைப் பிரித்து முகர்ந்து, இரண்டாந்தரம் என்றார். வேறொருவருக்கு விற்கலாமென்றால் முன்பணம் கழுத்தைப் பிடித்தது. சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வந்தார். என் மனைவி கணக்கைக் கேட்டபோது, “வண்டிக் கூலிவரை எழுதிவிட்டேன் அம்மா, உன் அண்ணி ஆறு மாதம் குனிந்ததை எழுதவில்லை,” என்றார். அதனையும் சேர்த்து எழுதியபோது மிஞ்சியது கடனே.

இத்துன்பம் புதிதன்று. பருத்தி, நிலக்கடலை, புகையிலை மூன்றையும் ஒருங்கெண்ணி, விற்பவனைக் காப்பதற்கென்றே 1933-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனை மணிலாவுக்கு நாம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற் காண்கின்றோம். பலர் விலை கோருகின்றனர், எடையும் கண்முன் நிகழ்கின்றது. புகையிலை வாரியம் 1976-இல் தோன்றி, 1984 முதல் ஏல முறையை நடத்திவருகின்றது. அவ்வேலமோ கர்நாடக, ஆந்திரப் பகுதிகளின் வர்ஜீனியாப் புகையிலைக்கே உரியது. நம் நாட்டு மெல்லும் இலைக்கு அந்நிழல் இல்லை. மேலும் குட்கா முதலிய பண்டங்களைத் தமிழ்நாட்டரசு 2013-இல் தடைசெய்தது. புகையிலைக் கட்டுப்பாட்டு உலக உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. பயிரிடுவோர்க்கு மாற்று வழி தேடித்தருதலும் அதன் கூறுகளுள் ஒன்று. வேதசந்தூர் நிலையத்துக்குத் தாயகமான இராசமுந்திரி நிறுவனமும் இன்று புகையிலை என்னும் சொல்லைத் தன் பெயரினின்று நீக்கி, மிளகாய், மஞ்சள், ஆமணக்கு ஆகியவற்றையும் ஆராய்கின்றது. காற்று எத்திசை வீசுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆதலின் இளைஞர்களுக்கு மூன்று சொல்வேன். விளையுமுன் விலையை அடகுவைக்கும் முன்பணத்தைத் தொடாதீர்கள். வீட்டார் உழைப்பையும் கிணற்று நீரையும் செலவாக எழுதிப் பார்த்தபின்னரே எப்பயிரையும் தேருங்கள். நமக்கு அண்மையிலுள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகி, மணிலாவிலேயே விளைச்சலைக் கூட்டும் வழியைக் கேளுங்கள்.

நம் சங்கத்தார் வீட்டுக்கொரு கணக்குப் புத்தகம் அச்சிட்டு வழங்குவாராயின், அது கல்விநிதிக்கு ஒப்பான அறமாகும். அதிற் கூலி எழுதும் பத்தியில் முதற்பெயர் வீட்டுத் தாயின் பெயராக இருக்கட்டும்.