நகரம் நம்மைத் தேடி வருகிறது



சங்கக் கணக்குகளைப் பரிசோதிக்கச் செல்லும் எனக்கு, அங்கத்தினர் ஜாபிதாவே ஒரு ஜனத்தொகைக் கணக்காகத் தோன்றுகிறது. சில பெயர்களுக்கு எதிரே "திருப்பூர் சென்றுவிட்டார்", "கோயமுத்தூரில் வசிக்கிறார்" என்ற குறிப்புகள் காணப்படுகின்றன. வருஷந்தோறும் அவை பெருகுகின்றன. ஆகையால் நகரங்கள் எவ்விடத்தில் தோன்றி எவ்வாறு வளர்கின்றன என்பதைக் குறித்து இன்று பேச விரும்புகிறேன்.

நமது கொங்கு நாட்டின் படத்தை மனத்தில் விரித்துப் பாருங்கள். கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி சுமார் 25 மைல். அங்கிருந்து உடுமலைப்பேட்டை சுமார் 17 மைல். கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் சுமார் 30 மைல். திருப்பூரிலிருந்து ஈரோடும் ஏறக்குறைய அவ்வளவே. மாட்டு வண்டியில் விளைபொருளை ஏற்றிச் செல்லக்கூடிய தூரமே சந்தையூர்களின் இடைவெளியைப் பெரிதும் நிர்ணயித்தது.

அவ்வூர்கள் யாவும் ஒரே அளவாக வளரவில்லை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை 1862-இல் முடிந்தது. கோயமுத்தூரின் முதல் நூற்பாலை 1888-இல் தோன்றியது. பைக்காரா மின்சாரம் 1932-இல் கிடைக்கத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின. 1901-இல் 53,080 ஆக இருந்த கோயமுத்தூரின் ஜனத்தொகை 2011-இல் 10,50,721 ஆயிற்று. நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணமாகும். 1951-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 24 பேர் நகரவாசிகள். 2011-இல் நூற்றுக்கு 48 பேர்.

இவர்கள் எல்லோரும் கிராமத்தை விட்டுச் சென்றவர்கள் என்று எண்ணிவிடலாகாது. பலர் இருந்த இடத்திலேயே நகரவாசிகளாயினர். ஓர் ஊரில் 5,000 ஜனங்கள் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசித்து, ஆண் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேர் விவசாயமல்லாத தொழில் செய்தால், ஜனத்தொகைக் கணக்கில் அது நகரமாகவே எழுதப்படும். பஞ்சாயத்து பழையபடியே இருக்கும். தமிழ்நாட்டில் இத்தகைய ஊர்கள் 2001-இல் 111, 2011-இல் 376. நாம் நகரத்தைத் தேடிச் செல்லாவிடினும், நகரம் நம்மைத் தேடி வருகிறது.

அவ்வாறு வரும் நகரம் கூலியைக் கொணரும், கழிவையும் கொணரும். பாசனத்திற்காக நொய்யலில் 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட உத்தரவிட்டது. ஆயினும் உவர்ப்பேறிய கிணறும் நிலமும் ஓர் உத்தரவினால் உடனே திருந்திவிடுமோ?

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கடனுக்காகச் சாலையோர நிலத்தை அவசரப்பட்டு விற்காமல், முதலில் சங்கத்தை அணுகுங்கள். இரண்டாவது, நகரத்திற்குப் பாலும் காய்கறியும் நித்தியம் வேண்டும். அவற்றைத் தனித்தனியே தரகரிடம் கொடாமல் சங்கத்தின் மூலம் ஒன்றாக விற்பனை செய்யுங்கள். மூன்றாவது, ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் பரிசோதிப்பித்து, முடிவைச் சங்கக் கூட்டத்தில் படியுங்கள்.

நகரத்தின் வரவை ஒருவர் தனித்து நின்று சமாளிக்க இயலாது. ஊர் ஒன்றுபட்டால் அதனால் நன்மை பெறலாம்.